நல்ல கண்ணுக்கு மருந்து

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் அப்பவே சொன்னேன். எப்பொழுது, யாரிடம் என்றெல்லாம் குறுக்கு விசாரணை செய்யாதே. சொன்னேன், அவ்வளவுதான். உன் மகள் பட்டனுக்கு இடது கண்ணில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்து டீச்சர் என்று உன் அத்தை தையல்கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் கண்டுபிடித்தது போன வாரம். நான் கண்டுபிடித்தது அவள் தொட்டிலில் கிடந்தபோது. மனதுக்குள் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். நீ அந்த அணைக்கட்டு முகாமில் குளிரில் நடுங்காமல், சாப்பாட்டைத் தள்ளிப் போடாமல் இருக்கிறாயா என்று எழுது. போன் எடுக்காத இடத்தில் ஆஸ்பத்திரி வைத்தவனை நான் ஒருநாள் நேரில் பார்த்துக் கேட்கத்தான் போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் பிள்ளைகளை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு போர்டைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பட்டன் வலது கண்ணைப் பொத்தியதும், “டீச்சர், போர்டை யாரு எடுத்துட்டுப் போனா?” என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். டீச்சர் சிரிக்கவில்லை.

மறுநாளே கண் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் குவிந்து கிடப்பதால் உன் அத்தை கடையைப் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்லை. எல்லாத்தையும் வலது கண்ணே பார்த்துடறதால மூளை இடது கண்ணைக் கண்டுக்கறதே இல்லை. சோம்பேறியாயிடுச்சு” என்றார். “புரியுது டாக்டர், என் கடையில ஒருத்தன் இருந்தான் அந்த மாதிரி” என்றேன். ஆறு வயதிலேயே பார்த்துவிட்டதால் வழிக்குக் கொண்டுவரலாமாம். வயது ஏற ஏற மூளை பிடிவாதம் பிடிக்குமாம். அப்படியே விட்டால் அந்தக் கண் கடைசிவரை பேருக்குத்தான்.

கண்ணாடி கொடுத்திருக்கிறார். சனி, ஞாயிறு மட்டும் ஒரு சொட்டு மருந்து. ஏதோ செடியிலிருந்து எடுத்ததாம். பெயரைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறேன்: அட்ரோபின். அவர் நிறைய விளக்கினார். வாய் திறக்கும் முன்பே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதால் காது கொடுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சீட்டில் ஒரு சின்னக் குழப்பம் இருந்தது. அதையும் நானே சரிசெய்துவிட்டேன்.

ஆகவே நீ பதறிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வராதே. ஒரு வருட ஒப்பந்தத்தை முடித்தால்தானே நிரந்தரம் ஆக்குவார்கள்? முடித்துவிட்டு வா. என் கூடப்பிறந்தவள் போனபிறகு உன்னை வளர்த்த நான், இந்தக் கண்ணையும் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களையும் அத்தையையும் வணங்கி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்த அன்று மட்டும் வார்டில் ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை காய்ச்சல் பார்த்தேன். அவர், “சிஸ்டர், நடுவுல கூடிடுச்சா?” என்று பயந்துவிட்டார்.

அந்த மருந்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அவசர டிரேயில் எப்போதும் இருக்கும். கறுப்புப் பழம் பழுக்கும் பெல்லடோனா என்ற விஷச்செடியிலிருந்து பிரித்தெடுத்தது. நம் வேலியோரத்து ஊமத்தையும் அதே குடும்பம்தான், ஊமத்தையிலும் இந்தச் சத்து இருக்கிறது. அல்கலாய்டு என்பார்கள். பூச்சியும் மாடும் தன்னைத் தின்னாமல் இருக்கச் செடி தனக்குள் சேர்த்து வைக்கும் கசப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் கண் பெரிதாகத் தெரிய அந்தச் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்களாம். ஆளைக் கொல்லும் அதே பொருள், அளந்து கொடுத்தால் சோர்ந்துபோன இதயத்தைத் தட்டி எழுப்பும். மிக மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறாமல் தடுக்குமா என்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அளந்து என்பதுதான் முக்கியம், மாமா. பாட்டிலை உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். விட்ட பிறகு கையைக் கழுவுங்கள். குழந்தைக்கு முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் அடித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மருந்து விட்ட கண்ணில் வெயில் கூசும். தொப்பி போட்டு அனுப்புங்கள். மற்றபடி டாக்டர் எழுதிக் கொடுத்தது எப்படியோ அப்படியே.

நான் இங்கே இருப்பது சரிதானா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 15

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நலமில்லாத அன்றும் இப்படித்தான் எழுதுவேன், ஆனால் இன்று நிஜமாகவே நலம். உன் இருமல் நின்றதா? இருமலே இல்லை என்பாய். குளிர்ப் பிரதேசத்தில் இருமல் இல்லாமல் இருக்க முடியாது.

ஊமத்தை விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றாலும், நீ எழுதியதை நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று கடையில் விளக்கினேன். கொஞ்சம் விரிவாகத்தான் சொன்னேன். ஒரு ராணி ஒரு கண்ணில் மட்டும் சாற்றை விட்டுக்கொண்டு போருக்குப் போய், எதிரி அந்தக் கண்ணைப் பார்த்து மயங்கி விழுந்த கதையை நீ எழுத மறந்துவிட்டாய், நான் சேர்த்துக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது, சொல்லித்தர வாத்தியாரிடம் மேற்கொண்டு சரக்கு இல்லாததால்தான் என்று உனக்கே தெரியும்.

விளக்கத்துக்குத் துணையாக ஒரு ஊமத்தைச் செடியைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்துக் கடை வாசலில் நிறுத்தினேன். சாயங்காலத்துக்குள் லாரி டிரைவர் ஒருத்தர், “மாஸ்டர், எனக்கும் கண்ணு மங்குது. ரெண்டு இலை குடுங்களேன், கசக்கி விட்டுக்கறேன்” என்று கேட்டுவிட்டார். உன் அத்தை மெஷினை நிறுத்தினாள். எழுந்து வந்தாள். செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். “உங்களுக்கு டாக்டர் வீடு தெரியுமா, நான் வழி சொல்லட்டுமா?” என்று டிரைவரிடம் கேட்டாள். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் ரொம்ப உறைத்தது.

பட்டனைப் பற்றி நீ கவலையே படாதே. என் வைத்தியத்தில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மருந்து விட்ட சனிக்கிழமை அன்றே என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை அளவு வாரியாகப் பிரித்துப் போடுகிறாள். வெள்ளையில் அரை வெள்ளை கலந்திருந்தால்கூடப் பொறுக்கி எடுக்கிறாள். பட்டன் மாட்டும் துளைக்குக் காஜா எடுப்பது உன் அத்தையின் இலாகா, அந்தச் சில்லறை வேலைக்கு என் கை இறங்காது. அத்தைக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே இப்பொழுது பட்டன்தான். ஒரே தடவையில் கோத்துவிடுகிறாள். கண் மங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மற்ற பிள்ளைகள் இந்த மருந்துக்கு அழுது ஊரைக் கூட்டுமாம். ராசியான கையால் விட்டால் எதுவும் தெரியாது.

அவளும் எல்லோரையும் போல என்னை ‘மாஸ்டர்’ என்றும் உன் அத்தையை ‘அத்தை’ என்றும்தான் கூப்பிடுகிறாள். உறவுமுறையைத் திருத்தப் பார்த்தேன். “கடையில எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க, நான் மட்டும் என்ன ஸ்பெஷலா?” என்கிறாள்.

அன்புடன்,
உன் மாமா


பிப்ரவரி 24

மாமா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. எந்தக் கண்ணில் விடுகிறீர்கள்?

ஊசியில் நூல் கோக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கோக்க முடியக்கூடாது, மாமா. ஆரம்பத்தில் கொஞ்ச நாளாவது தடுமாற வேண்டும், பக்கத்தில் இருப்பது தெரியவில்லை என்று அழவேண்டும். இந்த மருந்து நல்ல கண்ணுக்கு. வலது கண்ணுக்கு. உடனே பதில் போடுங்கள்.


மார்ச் 12

மாமா,

இரண்டு முறை தபால் வண்டி வந்து போய்விட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. திட்டமாட்டேன். எழுதுங்கள்.


மார்ச் 30

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இங்கே அத்தை சுகம், பட்டன் சுகம். நான் இருக்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம், தபால்காரருக்குக் காலில் சுளுக்கு. தபால்காரர் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று உன் அத்தை இந்த வரியைப் படித்துவிட்டுச் சொல்கிறாள். சரி, காரணம் அது இல்லை.

சீட்டில் வலது கண் என்றுதான் எழுதியிருந்தது. அவசரத்தில் டாக்டரம்மா மாற்றி எழுதிவிட்டார், அவர் மானம் போகக்கூடாது என்று நான் யாரிடமும் சொல்லாமல் திருத்திக்கொண்டேன். இத்தனை வருடத் தொழிலில், கிழிந்த இடத்தை விட்டுவிட்டு நல்ல துணியில் ஒட்டுப்போடச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே இடது கண்ணில் விட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே டாக்டரம்மாவிடம் போனோம். இந்தத் தடவை அத்தையும் வந்தாள்.

“யாரு சொன்னா இந்தக் கண்ணுல விடச் சொல்லி?” என்றார் டாக்டரம்மா.

“சீட்டுல ஏதோ தப்பா இருக்கேன்னு...”

“நீங்க தையல்காரர்தானே? கஸ்டமர் குடுக்கற அளவை மாத்தித் தைப்பீங்களா?”

“அவங்க தப்பாச் சொன்னா மாத்துவோம் டாக்டர்.”

“அதான் நல்லாத் தெரியுதே!”

பிறகு அத்தையைப் பார்த்துத்தான் எல்லாம் சொன்னார். நல்ல கண் லீவில் போனால்தான் சோம்பேறிக் கண் வேலைக்கு வருமாம். மருந்து வலது கண்ணை மங்க வைக்கும், வேறு வழியில்லாமல் மூளை இடது கண்ணைக் கூப்பிடும். நாம் இத்தனை நாள் சோம்பேறிக்கே லீவு கொடுத்துக்கொண்டிருந்தோம். போர்டில் இரண்டாவது வரிக்குக் கீழே பட்டன் இறங்கவில்லை. இனி முதலிலிருந்து தொடங்கி, ஜூலையில் பார்க்கலாம் என்றார். அப்பொழுதும் நகரவில்லை என்றால் நல்ல கண்ணை நாள் முழுக்கக் கட்டி வைத்துப் பழக்க வேண்டுமாம். “அதுக்கு அம்மா பக்கத்துல இருந்தாகணும்” என்றார். இதை நான் உனக்கு எழுதக்கூடாது என்று நினைத்தேன். அத்தை எழுதச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை பட்டன் பாட்டிலைப் பார்த்தாள், என் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள், கட்டிங் மேஜைக்கு அடியில் போய் வெட்டுத்துணிக் குவியலுக்குள் பதுங்கிவிட்டாள். “அது நல்ல கண்ணு மாஸ்டர்! நல்ல கண்ணை ஏன் கெடுக்கறீங்க?” என்று ஒரே கூச்சல். நானே அதே கேள்வியைக் கேட்டவன்தானே.

கெஞ்சல், மிரட்டல், மிட்டாய், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, “இந்தா பாரு, நானும் விட்டுக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே மங்கலாப் பார்ப்போம்” என்று சொல்லி, தலையைச் சாய்த்து என் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன்.

துணிக்குவியல் அசைந்தது. பிறகு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மங்கலா இருக்கா?”

“இப்பதானே விட்டேன். கொஞ்சம் பொறு.”

கொஞ்சம் பொறுத்து, “இப்ப?”

“இப்ப இருக்கு.”

“பயமா இருக்கா?”

“கொஞ்சம்.”

“எனக்கும்.” வெளியே வந்து, முகத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டு, “சரி, எனக்கும் விடுங்க” என்று மடியில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள், “என்ன மாஸ்டர், ஒரு கண்ணு மட்டும் வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்கு?” என்று கேட்கிறார்கள். என்ன செய்ய, அழகைப் பூட்டி வைக்க முடியாது.

நீ திட்டமாட்டேன் என்று எழுதியிருந்தாய். திட்டலாம்.

உன் மாமா


ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

திட்டிவிடுகிறேன். வயதானவர் கண்ணில் அந்த மருந்தை விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஒரே நாளில் பார்வை போய்விடலாம். வலி, சிவப்பு, தலைவலி, விளக்கைச் சுற்றி வளையம், ஏதாவது இருந்ததா? இல்லாவிட்டாலும் நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொரு சொட்டு விட்டுக்கொண்டீர்கள் என்று தெரிந்தால் நான் உங்களோடு பேசவே மாட்டேன்.

திட்டி முடித்துவிட்டேன். இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் முகாம் ஸ்டோர்க்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே பூச்சிமருந்து அடித்திருக்கிறார். வாயில் நுரை தள்ளியது. மூச்சில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். இரண்டு கண்மணியும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. இந்த அட்ரோபினைத்தான் ஏற்றினோம். போதவில்லை, மறுபடி ஏற்றினோம், மறுபடியும். நெஞ்சுச் சத்தம் அடங்கும்வரை விடக்கூடாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மருந்துக் குப்பிகளை உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல நெஞ்சு உலர்ந்தது, கண்மணி விரிந்தது. பிறகு அவர் சுவரைப் பார்த்துச் சலாம் போட்டு, “சரக்கு இறக்குங்க, லாரி நிக்குது” என்று ஏக ரகளை. மருந்து ஏறினால் அப்படித்தான் உளறுவார்கள். மறுநாள் தெளிந்து உட்கார்ந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் என்ன செய்தேன்? எங்கோ ஒரு செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சேர்த்து வைத்த விஷம் இவரைக் காப்பாற்றியது.

காலிக் குப்பிகளைக் கூட்டிப் பெருக்கும்போது நினைத்துக்கொண்டேன், இதே மருந்தில் ஒரு சொட்டு என் மகள் கண்ணில். அவள் அழுததையும் நான் பார்க்கவில்லை, துணிக்குள்ளிருந்து வெளியே வந்ததையும் பார்க்கவில்லை.

வேலையை விட்டு வந்துவிடலாம் என்று தலைமை நர்ஸிடம் பேசினேன். “ஜூலை வரைக்கும் பொறு. பரிசோதனை முடியட்டும், அப்புறம் உன் இஷ்டம்” என்றார். பொறுத்திருக்கிறேன். இப்போது விட்டால் முடித்த மாதங்களும் கணக்கில் வராது, திரும்ப இந்த வேலையும் கிடைக்காது. ஆனால் ஜூலையில் கண் நகரவில்லை என்றால் அடுத்த வண்டியில் கிளம்பிவிடுவேன். நீங்கள் தடுக்கக்கூடாது.

உங்கள் மருமகள்


மே 20

அன்புள்ள மருமகளுக்கு,

நீ திட்டியதை ஆஸ்பத்திரி மருந்து மாதிரி முகம் சுளிக்காமல் விழுங்கினேன். அந்த ஒரு சொட்டோடு சரி, இரண்டாவது கிடையாது. டாக்டரம்மாவிடமும் காட்டியாயிற்று, அழுத்தம் கிழுத்தம் ஒன்றும் இல்லையாம். ஆனால் அவரும் திட்டினார். உலகத்தில் உள்ள மருத்துவத் துறை முழுவதும் நம் வீட்டைத் திட்டித் தீர்த்துவிட்டது.

நீ சாப்பிடுகிறாயா? உன் எழுத்து மெலிந்திருக்கிறது.

ஸ்டோர்க்காரர் கதையைக் கடையில் சொன்னேன். நீ தனியாளாக அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையேறியதாகச் சொன்னேன். பிறகு எப்படிச் சொல்வது? உட்கார்ந்து ஊசி போட்டாள் என்றால் யார் கேட்பார்கள்?

அந்தக் கண் மங்கல் தெளிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வெளிச்சம் பட்டாலே கூச்சம். அந்த வாரம் யூனிஃபார்ம் சட்டைகளில் எடுத்த காஜா ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தது. அதில் பட்டனை மாட்டினால் பிள்ளைகள் எல்லாம் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பள்ளிக்கூடத்து ஆள் வந்து, “என்ன மாஸ்டர், காத்துல தைச்சீங்களா?” என்றார். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தோம். பிரித்தது உன் அத்தை.

பட்டன் இப்பொழுது தானே படுத்துக்கொண்டு, தானே இமையை இழுத்துப் பிடிக்கிறாள். முதல் சில வாரம் பாவமாகத்தான் இருந்தது. பட்டன் டப்பாவில் சிவப்பையும் மெரூனையும் கலந்துவிட்டு, மூக்கில் இடிக்கிற அளவு பக்கத்தில் வைத்துப் பார்த்து, வராமல் டப்பாவையே கவிழ்த்துவிடுவாள். “இந்தக் கண்ணு முட்டாள் கண்ணு!” என்பாள். உன் அத்தை, “முட்டாள் இல்லடி, இப்பதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கு” என்று திரும்பப் பொறுக்கிக் கொடுப்பாள். கவிழ்ப்பதும் பொறுக்குவதுமாகப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை கவிழ்க்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து முடித்துவிட்டு, “அத்தை, அடுத்த டப்பா?” என்றாள். நான் திரும்பிக்கொண்டு கத்தரியைத் துடைத்தேன். பாராட்டினால் கண் பட்டுவிடும்.

கீழே அவள் கையெழுத்து. என் உதவி இதில் கொஞ்சம்தான்.

*அம்மா நான் இதை சோம்பேறி கண்ணால எழுதுறேன். மாஸ்டர் பக்கத்துல நின்னு தப்பு தப்புன்னு சொல்றார். அவர் சொல்றதுதான் தப்பு. நீ எப்ப வருவ. வேலை முடிச்சுட்டு வா.*

அன்புடன்,
உன் மாமா


ஜூன் 5

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோருக்கும் என் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன், இந்தத் தடவை பொய்யில்லை. பட்டன் எழுதியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வார்டில் படிக்காதவர் யாரும் பாக்கியில்லை. ஸ்டோர்க்காரர் மட்டும் இரண்டு தடவை படித்தார்.

மாமா, இதை நான் நேரில் சொல்லமாட்டேன், உங்கள் எதிரில் எனக்கு இப்படிப் பேச வராது. அம்மா போனபோது என்னை வளர்த்தீர்கள். அதற்கு நன்றி சொன்னதில்லை, சொல்லவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு யார் நன்றி சொல்வார்கள்? ஆனால் ஒரு தையல்காரர், கண்ணை நம்பியே பிழைக்கிறவர், ஒரு குழந்தை தனியாகப் பயப்படக்கூடாது என்று தன் கண்ணை மங்க வைத்துக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. ஆபத்து என்று கோபமாக எழுதினேன். எழுதிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவள் பெற்ற தாய் செய்திருக்க வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். ஜூலையில் கண் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் என் மனதிலிருந்து இது நகராது.

இந்தக் கடிதத்தை அத்தைக்கும் பட்டனுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்களைப் பற்றி மற்றவர்கள் நல்லது சொல்வதை அவர்களும் ஒருதடவை கேட்கட்டும். எப்போதும் நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 11

அன்புள்ள மருமகளுக்கு,

கிளம்பவேண்டாம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். மூட்டை கட்டியிருந்தால் பிரித்துவிடு.

நேற்று டாக்டரம்மா வலது கண்ணைப் பொத்திவிட்டு, “படி பார்க்கலாம்” என்றார். பட்டன் முதல் வரி, இரண்டாவது வரி என்று கடகடவென்று இறங்கினாள். மூன்றாவதில் கொஞ்சம் யோசித்தாள். நான்காவதில் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்லி, தானே திருத்திக்கொண்டாள். ஐந்தாவதில் நின்றாள். “அவ்வளவுதான், இதுக்கு மேல எறும்பு” என்றாள். டாக்டரம்மா மனப்பாடமோ என்று சந்தேகப்பட்டு வேறு அட்டையை மாட்டினார். அதிலும் ஐந்தாவதில்தான் எறும்பு.

“முழுசா முடியலை. ஆனா கண்ணு வேலைக்கு வந்துடுச்சு. சொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கலாம். கண்ணாடியை மட்டும் கழட்டக்கூடாது. அம்மா அங்கேயே இருந்து வேலையை முடிக்கட்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மாஸ்டர், இந்த அளவை மாத்திடாதீங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

யார் யாருக்கு நன்றி சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மாவுக்கு. டீச்சருக்கு, ஆமாம், டீச்சர்தான் கண்டுபிடித்தார், தொட்டில் கதையை நீ நம்பியிருக்கமாட்டாய். ஊசியில் நூல் கோத்தாள் என்று நான் பீற்றிக்கொண்டதைப் படித்துவிட்டு அங்கிருந்தே பதறிய உனக்கு. கசப்பைச் சேர்த்து வைத்த அந்தச் செடிக்கு. அதிலிருந்து ஒரு சொட்டை அளந்து எடுக்கலாம் என்று கண்டுபிடித்த, நான் பெயர்கூடக் கேட்டிராத யாரோ ஒருவருக்கு. நான் இப்படி வரிசையாக அடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி நீ பார்த்ததில்லை. எனக்கும் பழக்கமில்லாததால் கை வலிக்கிறது.

உன் போன கடிதத்தை, நீ சொன்னபடி, கடையை மூடியதும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நல்ல குரலில்தான் ஆரம்பித்தேன். “ஒரு தையல்காரர், கண்ணை நம்பியே பிழைக்கிறவர்” என்ற இடம் வந்ததும் அதே வரியை இரண்டு தடவை படித்தேன். நெகிழ்ச்சி என்று நினைக்காதே. பட்டன் என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உன் அத்தை அவள் தொடையில் லேசாகத் தட்டி, “படிக்கட்டும் விடு” என்றாள். முடித்தேன். “நல்லா எழுதியிருக்கா. அவ அம்மா மாதிரியே எழுதறா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இத்தனை மனதார அனுப்பிய நன்றி விலாசம் மாறி என்னிடம் வந்துவிட்டது. அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை. ஆகையால் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பேசிய பேச்செல்லாம் நான் எழுதியது எழுதியபடிதான். பட்டன் கேட்டதும் உண்மை, வந்த பதிலும் உண்மை, பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதும் உண்மை. என் கண்ணருகே எதைக் கொண்டுவந்தாலும் எனக்குத் தலை சுற்றும். நான் வெளியே நடைபாதையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டு நின்றேன். மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, மருந்தைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டது நான் இல்லை. உன் அத்தை.

மாமா